டெஸ்டர் எரிகிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை: வீட்டு கரண்ட் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி மகள் போன் செய்தாள். “அண்ணா, ஹால்ல லைட் எரியல, ஃபேன் ஓடல, டிவி வரல. ஆனா டெஸ்டர் வெச்சா பிளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டையிலயும் எரியுது. டபுள் கரண்ட் வருதா?” டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, கரண்ட் இருந்தால் ஃபேன் ஓட வேண்டும், அப்புறம் ஏன் ஓடவில்லை என்பது அவள் குழப்பம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வயரிங்கையே மாற்றச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு.

டபுள் கரண்ட் என்று ஒன்று கிடையாது. அவளுக்குப் போனில் சொன்னதையும், அதற்கு முன்னால் பலருக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். முதலில் கொஞ்சம் பாடம், அது இல்லாமல் கீழே உள்ளது எதுவும் பிடிபடாது.

வீட்டுக்குள் வேலை செய்வது இரண்டு வயர்தான், பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட். கரண்ட் பேஸில் வந்து, பல்புக்குள்ளோ ஃபேனுக்குள்ளோ நுழைந்து, நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். எல்லோரும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை உதாரணம் சொல்வார்கள்: தொட்டியின் உயரம் வோல்ட், குழாயில் ஓடுவது ஆம்பியர், குழாய் குறுகலாக இருந்தால் அது ஓம். நல்ல உதாரணம்தான், ஆனால் பாதி வழியில் கைவிட்டுவிடும். தண்ணீர் பக்கெட்டில் விழுந்தால் முடிந்தது, கரண்ட் அப்படியில்லை, திரும்பிப் போக வழி இல்லாவிட்டால் அது கிளம்பவே கிளம்பாது. (நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் திசை மாறுகிறது, அதனால் “வருகிறது, திரும்புகிறது” என்பது கறாராகச் சரியில்லை. கோளாறு தேட இது போதும்.) கணக்கு இரண்டே: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் 4.3 ஆம்பியர் இழுக்கும், அதன் தடை 53 ஓம் அளவில் இருக்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்வது மூன்று கேள்வி. பாதை எங்கே அறுந்திருக்கிறது? கரண்ட் எங்கே போகக்கூடாத வழியில் போகிறது? எங்கே பாதை குறுகிப்போய் சூடாகிறது? இவை மூன்றும் ஒன்றோடொன்று கலந்துதான் வரும், அதுதான் தொல்லை.

தொடுவதற்கு முன்

மெயினை அணையுங்கள். அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் “கரண்ட் போய்விட்டது” என்று நினைத்து லைட், ஃபேன் லைனுக்குத் தானே கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். இதில் அடிவாங்காத எலக்ட்ரீஷியனை நான் பார்த்ததில்லை. டெஸ்டரையும் முழுதாக நம்பக்கூடாது. முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சந்தேகமுள்ள இடத்தில் வையுங்கள். காய்ந்த செருப்பு, காய்ந்த கை. மீட்டரும் அதற்கு முன்னால் கம்பத்திலிருந்து வருகிற வயரும் மின்வாரியத்தின் பொறுப்பு, அதில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரே ஒரு லைட் மட்டும் எரியவில்லை

பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் போடுங்கள். அங்கே எரிந்தால் பல்பு நல்லது, ஹோல்டரைப் பாருங்கள், உள்ளே இருக்கிற இரண்டு சின்ன ஸ்பிரிங் பின் அமுங்கிப்போய் மேலே வராமல் நிற்கும். அதுவும் சரி என்றால் சுவிட்ச். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அறிகுறி: அறையில் எதுவுமே வேலை செய்யவில்லை, டெஸ்டர் மட்டும் எரிகிறது

சித்தி மகள் வீட்டுக் கதை இதுதான். பிளக் பாயிண்டில் பேஸ் ஓட்டையில் டெஸ்டர் எரிய வேண்டும், நியூட்ரல் ஓட்டையில் எரியக்கூடாது. இரண்டிலும் எரிகிறது என்றால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அது எப்படி? பேஸ் வயர் ஃபேனுக்குள் போகிறது, காயிலைத் தாண்டி மறுபக்கம் நியூட்ரல் வயரில் வந்து நிற்கிறது. வழக்கமாக அங்கிருந்து கிளம்பி வீட்டை விட்டு வெளியேறிவிடும். வழி அறுந்துபோனதால் கரண்ட் ஓடவில்லை, ஓட்டம் இல்லையென்றால் ஃபேன் காயிலில் வோல்ட் குறையவும் இல்லை. அதனால் அந்த 230 வோல்ட் முழுசாக நியூட்ரல் வயரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டெஸ்டருக்கு ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பங்கு கிடைத்தாலே எரிந்துவிடும், உள்ளே ஒரு பெரிய ரெசிஸ்டர், ஒரு நியான் விளக்கு, அவ்வளவுதான், மிச்சப் பாதை உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு. ஆக டெஸ்டர் சொல்வது “இங்கே அழுத்தம் இருக்கிறது” என்பதை மட்டும்தான். ஃபேனை ஓட்டுகிற அளவுக்குக் கரண்ட் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

உறுதிசெய்ய அவளிடம் சொன்னது: “அந்த ரூம்ல எல்லா சுவிட்சையும் அணை, டிவி, செட்டாப் பாக்ஸ், மொபைல் சார்ஜர் எல்லாத்தையும் பிடுங்கு. இப்ப நியூட்ரல் ஓட்டையில வெச்சுப் பாரு.” எரியவில்லை. ஃபேன் சுவிட்சைப் போட்டால் மறுபடி எரிந்தது. பேஸ் அந்த ஃபேன் வழியாகத்தான் சுற்றி வருகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அறுந்த இடத்தைத் தேடுவதும் கஷ்டமில்லை. நியூட்ரல் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கைமாறிக்கொண்டே போகும். கடைசியாக வேலை செய்கிற பாயிண்டுக்கும் முதலில் செத்துப்போன பாயிண்டுக்கும் நடுவில்தான் கோளாறு. அவள் வீட்டில் சாப்பாட்டு அறை போர்டு நன்றாக இருந்தது, ஹால் போர்டு இல்லை. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு அவள் கணவர் சாப்பாட்டு அறை போர்டைக் கழற்றினார். நாலைந்து கறுப்பு வயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்த இடத்தில், டேப் கருகி, ஒரு வயர் மட்டும் தனியாக விலகி நின்றது. வயரிங் மாற்ற வேண்டியதில்லை. முனையைச் சீவி, கனெக்டரில் வைத்து ஸ்குரூவை முடுக்கி, பத்து நிமிடத்தில் முடிந்தது.

ரொம்பப் பழைய வீடு என்றால் இன்னொன்றும் பாருங்கள், அந்தக் காலத்தில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கட்டை வைத்திருப்பார்கள். அது போனால் வீடு முழுக்க இதே நாடகம்தான். இந்த நிலையில் “நியூட்ரல்தானே, ஒன்றும் செய்யாது” என்று கையை வைத்தால் பேஸில் வாங்குகிற அதே அடி கிடைக்கும்.

அறிகுறி: எம்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது

எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். அது எப்போது விழுகிறது என்பதுதான் கேள்வி. மேலே தூக்கின அந்த நொடியே “டப்” என்று விழுந்தால் ஷார்ட். பேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் தடை இல்லை, வோல்ட்டைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தால் வகுத்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் வரும், எம்சிபிக்குள் இருக்கிற காயில் காந்தமாகி உடனே தட்டிவிடும். அப்படியில்லாமல் கால் மணி, அரை மணி தாங்கிவிட்டு விழுந்தால் அது ஓவர்லோடு. உள்ளே இரட்டை உலோகப் பட்டை ஒன்று சூடாகி மெதுவாக வளைந்து தட்டுகிறது. சூடு ஆறுவதற்கு முன் மறுபடி தூக்கினால் நிற்காது, அதற்காக எம்சிபி போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

ஓவர்லோடுக்குக் கணக்குப் போடுங்கள். 2000 வாட் கீசர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில் மூன்றும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் இருந்தால் 5500 வாட், கிட்டத்தட்ட 24 ஆம்பியர். விழத்தான் செய்யும். 17 ஆம்பியர் ஓடினால் 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழும் என்று நினைப்பவர்கள் உண்டு, விழாது, கொஞ்சம் கூடுதலை மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் சிலர் செய்கிற வேலைதான் எனக்குக் கோபம் வருவது: 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுவிடுவார்கள். எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் ஓடுகிற வயரை. உள்ளே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இருந்தால் அதற்கு 16 ஆம்பியருக்கு மேல் எம்சிபி கூடாது. 32 போட்டால் எம்சிபி விழாது, வயர் வேகும்.

ஷார்ட் என்றால் அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். நின்றால் கோளாறு சாமானில். எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்கப் பழைய ஆட்கள் வைத்திருக்கிற ஆயுதம் சீரீஸ் லாம்ப். ஒரு பிளக் பாயிண்டுக்குப் போகிற பேஸ் வயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கோத்துவிடுவது, அவ்வளவுதான். சந்தேகமான சாமானை அதில் செருகினால், பல்பே தடையாக நிற்பதால் அரை ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது, எம்சிபியும் விழாது. மிக்சி ஷார்ட் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். டேபிள் ஃபேன் நல்லதாக இருந்தால் மங்கலாக எரியும். அயர்ன் பாக்ஸ், கீசர் மாதிரி சூடாக்குகிற சாமானுக்கு மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், அவற்றின் தடை குறைவு என்பதால் நன்றாக இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

அறிகுறி: ஈஎல்சிபி விழுகிறது, அதுவும் மழை நாளில்

கடைக்காரர் ஆர்சிசிபி என்பார், நாம் ஈஎல்சிபி என்போம். பேஸில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது எண்ணிக்கொண்டே இருக்கும். வீட்டில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், அதாவது அந்த அளவு கணக்கு இடித்தாலே தட்டிவிடும். இடித்த பங்கு எங்கே போயிருக்கும்? ஈரச் சுவர் வழியாகவோ, கீசர் காயில் வழியாகவோ, ஒரு மனிதர் வழியாகவோ தரைக்கு.

எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஈஎல்சிபியைத் தூக்குங்கள். நின்றால் எம்சிபியை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைன். எல்லாவற்றையும் இறக்கியும் விழுந்தால், அல்லது எப்போதோ ஒருமுறை சம்பந்தமில்லாமல் விழுந்தால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் (கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற தனி வயர்) தொட்டுக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான வீட்டு எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும், அதனால் பிளக்குகளையும் பிடுங்கித்தான் சோதிக்க வேண்டும். மொட்டை மாடி லைட், வெளி கேட் லைட், காலிங் பெல் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மழை நாளில் விழுந்தால் பாதி நேரம் இவற்றில் ஒன்றுதான்.

அறிகுறி: ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது

செருப்புப் போட்டால் இல்லை, வெறுங்காலில் இருந்தால் மட்டும் தெரிகிறது என்பார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உள்ளே பேஸ் எங்கோ பாடியில் கசிகிறது, அது ஒரு கோளாறு. கசிந்தது எர்த் வழியாகப் போயிருக்க வேண்டும், போகவில்லை, அது இரண்டாவது. மூன்று பின்னில் மேலே இருக்கிற தடித்த, நீளமான பின் இதற்காகத்தான் இருக்கிறது. செருகும்போது முதலில் தொடுவதும் பிடுங்கும்போது கடைசியாக விடுவதும் எர்த் ஆக இருக்க வேண்டும் என்றுதான் அதை நீளமாக வைத்திருக்கிறார்கள்.

நனைந்த கையோடு உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வையுங்கள், 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லப் போதும், ஆனால் 6 ஆம்பியர் எம்சிபிக்கு இது கொசுக்கடி. எம்சிபி இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள், உங்களுக்காக இருப்பது ஈஎல்சிபியும் எர்த்தும்.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டு பின் அடாப்டர் போட்டிருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஓட்டைக்கு உள்ளே வயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள், பல வீட்டில் ஓட்டை இருக்கும், வயர் இருக்காது. வயர் இருந்தும் பயனில்லை என்றால் வெளியே எர்த் குழி காய்ந்திருக்கும். கோடையில் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது பாட்டி வைத்தியம் இல்லை, ஈர மண்ணில்தான் தடை குறையும்.

சில பேர் எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் ஓட்டைக்கு இழுத்துவிட்டு “சரியாப்போச்சு” என்று போய்விடுவார்கள். மேலே ஹால் கதையை நினைத்துப் பாருங்கள். நியூட்ரல் அறுந்த அன்று அந்த 230 வோல்ட் நேராக ஃபிரிட்ஜ் கதவில் வந்து நிற்கும்.

லேப்டாப் சார்ஜ் ஆகும்போது மட்டும் உலோகப் பக்கத்தில் லேசாக எறும்பு ஊர்வது போல் இருந்தால் அது பெரும்பாலும் சார்ஜருக்குள் இருக்கிற வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாக வருகிற மிகச் சிறிய கரண்ட். எர்த் உள்ள மூன்று பின் சார்ஜரை எர்த் உள்ள பாயிண்டில் போட்டால் போய்விடும்.

அறிகுறி: பிளக் சுடுகிறது, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம்

பாதை குறுகிய கேஸ் இது. வெப்பம் என்பது ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் வருவது. சாக்கெட்டுக்குள் பித்தளைப் பட்டை தளர்ந்து, பின்னை ஓரமாக மட்டும் தொடுகிறது, அந்த இடத்தில் 1 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். மொபைல் சார்ஜருக்கு ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் கீசர் 9 ஆம்பியர் இழுத்தால் 81 வாட், ஒரு குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு கடுகளவு இடத்தில். சூட்டில் பித்தளை கறுக்கும், கறுத்தால் தடை இன்னும் ஏறும், இன்னும் சுடும். அதனால்தான் இது தானாகச் சரியாவதே இல்லை. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கறுத்த பழையது புதியதையும் கெடுத்துவிடும். உள்ளே வயர் முனை பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தால் நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டிவிட்டு முடுக்குங்கள். கீசர், இண்டக்‌ஷன் எல்லாம் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான், 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இல்லை.

அறிகுறி: ஃபேன் முனகுகிறது, சுற்றவில்லை

சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒட்டடைக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிடுங்கள். தள்ளிய பக்கமே சுற்ற ஆரம்பித்தால், ஃபேனைக் கிளப்பிவிடுகிற சின்ன டப்பாவான கெப்பாசிட்டர் போய்விட்டது. சீலிங் ஃபேனுக்கு வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட், பழையதன் மேலேயே எழுதியிருக்கும், அதே அளவு வாங்குங்கள். மெதுவாகச் சுற்றுகிறது என்றாலும் முதல் சந்தேகம் இதுதான். ரெகுலேட்டரை 5-ல் வைத்தால் மட்டும் ஓடுகிறது, மற்ற எண்ணில் இல்லை என்றால் ரெகுலேட்டர்.

அறிகுறி: சுவிட்சை அணைத்தும் எல்இடி பல்பு பேய் மாதிரி மங்கலாக எரிகிறது

சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளி கரண்டே எல்இடிக்குப் போதும். அது இல்லையென்றால் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் மாற்றியே ஆக வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கிறது, பல்பு மாற்றுகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார்.

அறிகுறி: சில லைட் திடீரென்று பளீரென்கிறது, சில மங்குகிறது

இதற்கு மட்டும் யோசிக்க நேரம் எடுக்காதீர்கள், ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். கம்பத்திலோ மூன்று பேஸ் சர்வீஸிலோ பொது நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. தெருக் கம்பத்தில் மூன்று பேஸும் அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூட்ரலும் வரும், வீட்டுக்கு வீடு பேஸ் மாறும். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட், நியூட்ரல் இல்லாதபோது உங்கள் வீடும் வேறு பேஸில் இருக்கிற பக்கத்து வீடும் வரிசையாகக் கோத்த மாதிரி ஆகி அந்த 400-ஐப் பங்குபோட்டுக்கொள்கின்றன, யார் குறைவாக இழுக்கிறாரோ அவர் தலையில் அதிக வோல்ட் விழும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது இப்படித்தான். தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அங்கே “நியூட்ரல் கட்” என்று சொல்லியே புகார் கொடுங்கள்.

மோட்டார் போடும்போது ஒரு நொடி மட்டும் லைட் மங்கினால் அது வேறு, மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், வயரில் கொஞ்சம் வோல்ட் குறையும். மங்கியபடியே இருந்தால் எங்கோ லூஸ்.

அறிகுறி: பில் ஏறிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் சாமான் ஒன்று மட்டும் ஓடும்போது 10 நொடியில் 9 தடவை மினுக்க வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் மேலே வைத்துப் பாருங்கள். மினுக்கிக்கொண்டே இருந்தால் கரண்ட் எங்கோ தரைக்குப் போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அப்படிப் பார்த்தபோது ஏழெட்டு நொடிக்கு ஒரு தடவை மினுக்கியது. 150 வாட், இரவும் பகலும், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டையெல்லாம் தின்றுவிட்டு மேலேயும் போயிருக்கிறது. ஈஎல்சிபி கிடையாது, அதனால் யாரும் தட்டிக்கேட்கவில்லை. ஒவ்வொரு லைனாக இறக்கிக்கொண்டே வந்தோம், கிணற்று மோட்டார் லைனை இறக்கியதும் மினுக்கல் நின்றது. ஸ்டார்ட்டருக்குப் போகிற கேபிள் மண்ணுக்கு அடியில் போயிருந்தது, எப்போதோ மண்வெட்டி பட்டு உறை கிழிந்திருந்தது. மேலே வாழை வைத்திருந்தார்கள், மண் எப்போதும் ஈரம். அந்த வீட்டு அம்மா தினமும் காலையில் வெறுங்காலோடு அங்கேதான் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.